கடைசி வீட்டில் கேட்கவில்லை

அயினி மரத்தை இழைக்கும்போது வரும் மணம் உமக்குப் பிடிக்கும். இன்று காலை தக்கலையில் நம் வீடுகளின் வாசலில் ஆசாரி கூரைக்கு ஒரு கழுக்கோலை இழைக்க ஆரம்பித்தார். அந்த மணம் வந்ததும் நான் என்னை அறியாமல் திரும்பி உம்மைத் தேடினேன். நீர் போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இருவரும் சேர்ந்து அந்த மூன்று வீடுகளை வாங்கியபோது நான் நினைத்தது ஒன்று. தாலுகா ஆபீஸ் பக்கத்தில் இருக்கிறது, குடியிருக்க ஆள் தானாக வரும், நாம் காலாட்டிக்கொண்டு இருக்கலாம். நடந்தது வேறு. கிணற்றுக் கயிறு அறுந்தால் நம்மைக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே வந்தாலும் நம்மைக் கூப்பிட்டார்கள். இரணியலிலிருந்து நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் கோழி தன் வீட்டுக்குப் போயிருக்கும்.

பெரிய சிக்கல் கூரைதான். வாசல் மூன்று என்றாலும் ஓட்டுக்கூரை ஒன்று. ஓரிடத்தில் தட்டினால் மூன்று வீட்டிலும் அதிரும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பதை நம் பக்கத்தில் யாரும் மீறுவதில்லை. முதல் வீட்டுக்காரி பெற்று எழுந்தால் நடு வீட்டு வாத்தியார் மனைவி வாந்தி எடுப்பாள். இரண்டு வருஷம் கூரையில் கை வைக்க முடியவில்லை. நடு வீட்டுக் கழுக்கோலைச் சிதல் அதுபாட்டுக்கு அரித்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு இந்த வழக்கமெல்லாம் கிடையாது.

நான் உம்மிடம் சண்டை பிடித்தேன். இது வெறும் பயம், கழுக்கோல் முறிந்து தலையில் விழுவதுதான் உண்மையான ஆபத்து என்றேன். நீர் வெற்றிலையை மடித்தபடி சொன்னீர்: "நாம நம்புதோமாங்கது இல்ல வே காரியம். உள்ள கெடக்கவ பயப்படுதாள்லா. மூணு வீட்லயும் கேட்டுட்டு ஆசாரிய ஏறச் சொல்லும்."

ஒருவழியாக வாத்தியார் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். நீர் நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருந்தீர். எடவப்பாதி மழைக்குப் பத்து நாள்கூட இல்லை. முதல் வீட்டில் கேட்டேன், ஒன்றுமில்லை என்றார்கள். கடைசி வீட்டில் கேட்கவில்லை. அங்கே நெய்யாற்றின்கரைக் குமாஸ்தாவும் மனைவியும் இருந்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. அவர்களிடம் போய் இதைக் கேட்டால் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடுமே என்று நினைத்தேன். இரக்கப்பட்டுத்தான் கேட்காமல் விட்டேன், நம்பும்.

ஆசாரி ஒரு பகல் முழுவதும் அடித்தார். நான்காம் நாள் அந்தப் பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டது. மூன்று மாதம் முடியட்டும் என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாளாம்.

குமாஸ்தா உம்மைத் தேடி வந்தபோது நானும் உம் வீட்டில்தான் இருந்தேன். ஆசாரியை ஏறச் சொன்னது யார் என்று கேட்டார்.

"நாந்தான் சொன்னேன்" என்றீர் நீர்.

தெரிந்தா செய்தீர்கள் என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவர் போய்விட்டார். அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்தார்கள். ஏன் அப்படிச் சொன்னீர் என்று பஸ்ஸுக்கு நடக்கும்போது உம்மிடம் கேட்டேன். "பஸ்ஸு வருது, ஏறும்" என்றீர். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. என்மேல் உள்ள பிரியமா, பாதி வீடு உம்முடையது என்பதாலா, அந்த மனுஷனுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தீரா? இன்றுவரை பிடிபடவில்லை.

இன்று ஆசாரி ஏறுவதற்கு முன் மூன்று வீட்டிலும் நானே போய்க் கேட்டேன். கடைசி வீட்டில் இப்போது இருப்பவர் கல்யாணமாகாத ஒரு கோர்ட்டு எழுத்தர். அவரிடமும் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

உம் பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குக் குமாஸ்தாவுக்கும் சொல்லி அனுப்பினேன். நம் தாலுகா மெட்ராஸோடு சேர்ந்த பிறகு அவர் நெய்யாற்றின்கரைக்கே போய்விட்டார். அவர் வரவில்லை. உமக்காக வருவதற்கு அவருக்கு மனம் இல்லையென்று ஆளிடம் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டு நான் அழுதேன்.

அவருக்கு உண்மையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆசாரியை ஏறச் சொன்னது நான் என்று எழுதினால், ஆணியால்தான் கரு கலைந்தது என்று நானே ஒப்புக்கொண்டதாகாதா? அதை நான் நம்பவில்லை. நம்பவில்லை என்றால் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? எழுதினாலும், நீர் அவர் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னீர் என்றல்லவா ஆகும்? எழுதாவிட்டால் எனக்கு வர வேண்டிய வெறுப்பை நீர் செத்த பிறகும் சுமக்கிறீர்.

எப்படியோ நான்கு வரி எழுதி ஒட்டிவிட்டேன். ஒரு வாரமாகச் சட்டைப்பையிலேயே கிடக்கிறது. தினமும் தபாலாபீஸ் வழியாகத்தான் போகிறேன். போடவா, வேண்டாமா, நீர்தான் சொல்ல வேண்டும். எதையும் உம்மிடம் கேட்டுச் செய்துதானே எனக்குப் பழக்கம், அந்த ஒரு நாளைத் தவிர.