வாய்க்கால்கரை கவுன்சிலர்

கடலூர் சிறை
3.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வீடுகளை இடிக்க வந்த பொக்லைன் முன்னால் படுத்ததற்கு உள்ளே போட்டிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. இங்கும் எல்லோரும் ‘கவுன்சிலரம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் பெண் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? இலக்கியாவுக்குத் தலையை இறுக்கிப் பின்னாதீர்கள், வலிக்கும்.

வாய்க்கால்கரைக்கு ஒரு நடை போய் வாருங்கள். வெள்ளிக்கிழமை தடையாணை கிடைத்துவிடும் என்கிறார் வக்கீல். அதுவரை யாரும் வீட்டைக் காலி செய்யக் கூடாது என்று முதல் வீட்டு ஜெயராணியிடம் சொல்லுங்கள். குடிதண்ணீர்க் குழாய் கேட்டு ரோட்டில் உட்கார்ந்த காலத்திலிருந்து அந்த ஜனங்கள் என்னோடு நிற்கிறார்கள். என்னை ஜெயிக்க வைத்ததும் அவர்கள்தான்.

உங்கள் அமரா

சிதம்பரம்
8.2.2025

அன்பு அமராவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வாய்க்கால்கரை போய்விட்டது. வியாழக்கிழமை காலையிலேயே எல்லோரும் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். யாரும் எதிர்க்கவில்லை. மதியத்துக்குள் தெருவே தரைமட்டம். மறுநாள் தடையாணை வந்தது. “இனிமே எதைத் தடுக்கறது சார்?” என்றார் வக்கீல்.

குறிஞ்சிப்பாடி பக்கம் இடம் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டுமாம்.

மனசை விட்டுவிடாதே. ஜனங்கள் அப்படித்தான், அவரவர் வசதியைத்தான் பார்ப்பார்கள். வருகிற வியாழக்கிழமை உன்னை விட்டுவிடுவார்கள். நானும் இலக்கியாவும் வாசலில் நிற்போம். இனிமேலாவது நமக்காக இரு.

உன் சேரன்

கடலூர் சிறை
11.2.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே ஜெயராணி என்னைப் பார்க்க வந்தாள். “என்னடி, ஒரு நாள் பொறுக்க முடியலையா?” என்று கத்திவிட்டேன். அவள் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“சேரன் அண்ணன்தாங்க்கா புதன்கெழம வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. ‘நீங்க காலி பண்ணுனா அமராவ விட்டுடுறேன்னு பெரிய அதிகாரி சொல்லிட்டாரு, எம்பொண்ணு அழுவுறா’ன்னாரு. ஒனக்காவத்தான் எல்லாரும் போனோம். வீடு போனா போவுது, நீ வெளிய வந்தா போதும்க்கா.”

அவர்களைக் குறை சொல்லி நீங்கள் எழுதிய கடிதம் அப்போது என் மடியில் இருந்தது.

என்மேல் உங்களுக்கு எவ்வளவு உயிர் என்று தெரியும். என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதுவும் உங்களுக்குத் தெரியும். இனி வெளியே வந்து யாருக்குக் கவுன்சிலராக இருக்கப்போகிறேன்? எனக்குக் கோபம்கூட வரவில்லை, மாமா. உள்ளே எல்லாம் விட்டுப்போன மாதிரி இருக்கிறது.

வியாழக்கிழமை வாசலுக்கு வராதீர்கள். நான் குறிஞ்சிப்பாடி பஸ் ஏறிவிடுவேன். அவர்கள் முன்னால் போய் நின்று என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஆனாலும் நிற்க வேண்டும். அங்கேயே ஓர் ஓரமாக இருந்துகொள்கிறேன்.

இலக்கியாவைப் பள்ளிக்கூடத்தில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அமராவதி