முத்துத்துறை விலை பேசப்பட்ட ஒரு சொல்

வெளியேறும் சொல் ஒன்றுக்கு முத்துத்துறை ஒன்றை விலையாகக் கேட்ட பெருந்தகையும், யந்திரச் சிற்பியர்க்குச் சோறிட்டுக் காக்கும் கோமானுமாகிய மருதஞ்சேரி நெடுவேலி அரசரின் திருவோலக்கத்துக்கு, அலைவாய் நாட்டு அரசி பூங்கோதையாரின் ஆணையால் எழுந்த ஓலை. உம் வயல் விளைக. உம் ஏரி நிறைக. உம் தூதரின் வயிறும் நலமாயிருக்க.

உம்மிடம் வாங்கிய பைதான் என்னும் கணக்கு யந்திரம், வெள்ளம் சூழ்ந்த தீவுகளுக்குப் போகும் நெல்மூட்டைகளை நேற்று எண்ணியது. நீரேற்றம் இறங்குமுன் கணக்கு முடியாவிடில் கலங்கள் தரைதட்டும். தீவில் உலை ஏறாது.

அமைச்சர் கேளாமல் மூட்டை நகராது என்பது இந்நாட்டு வழக்கம். துறை அமைச்சர் சாத்தன் பெருங்கண்ணனாரோ சந்தையில் பிறந்து தராசடியில் வளர்ந்தவர். தாம் விசாரியாத சரக்கை நம்பாதவர். ஆகையால் யந்திரம் மூட்டை மூட்டையாய் ஓடும் சுற்றுக்குள்ளேயே, ஒவ்வொரு மூட்டையிலும் நின்று உசாவல் அறையைத் திறந்து தம்மை அழைக்குமாறு கட்டளை செருகினார். அவ்வறையில் அமர்ந்தால் யந்திரத்தின் நெஞ்சில் உள்ளதையெல்லாம் கேட்டறியலாம். முதலில் இன்பமாகத்தான் இருந்தது. பிறகு அலுத்துப்போய், வெளியேற வேண்டுமென்று பொறித்தார். அறை மூடிற்று, அடுத்த மூட்டை வந்தது, அறை திறந்தது. மீண்டும் பொறித்தார், மீண்டும் திறந்தது. மூட்டைகளோ மலையாய்க் கிடந்தன.

உடனிருந்த உம் தூதர், அமைச்சர் அங்கேயே குடித்தனம் வைக்கலாமே என்றும், தொட்டில் வேண்டுமானால் மருதஞ்சேரியிலிருந்து வரும் என்றும் அருளினார். யந்திரத்தையே நிறுத்திவிடலாமா என்று காவலர் கேட்க, நிறுத்தினால் எண்ணியதத்தனையும் அழியும் என்றும், விடுவிக்கும் சொல் தம்மவரிடமே உண்டு என்றும், அதன் விலை அலைவாயின் முத்துத்துறை என்றும் மொழிந்து, அமைச்சருக்கு வந்த வறுத்த வஞ்சிரத்தைத் தம் இலைக்கு இழுத்துக்கொண்டார்.

பெருங்கண்ணனார் பேரமே பேசவில்லை. கடைகடையாய் இழுத்துப்போகும் தரகனோடு அலைபவன், கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் வேண்டாம் என்று சொல்லி மாளாது. தரகனிடம்தான் சொல்லவேண்டும் என்பது அவர் மீசை அரும்புமுன்னே கற்றது. தாம் இதுவரை அறையிடம் விடைபெற்றாரேயன்றி, அதைத் திறந்துகொண்டிருக்கும் சுற்றிடம் பேசவில்லை எனத் தெளிந்தார். கேட்டதற்கு விடை தரும் அறையில் அல்லவா அமர்ந்திருக்கிறோம் என்று சிரித்து, இவ்வறை மீண்டும் திறவாதிருக்க என்ன கட்டளை என்று யந்திரத்தையே வினவினார். உம் சிற்பியர் சொல்ல மறந்ததை அது ஒளிக்காமல் சொல்லிற்று.

அதைப் பொறித்து வெளியே வந்தார். அறை அதன்பின் திறக்கவில்லை; சுற்று மட்டும் ஓடிற்று. கணக்கு ஒரு மூட்டையும் பிசகாமல் முடிந்தது; கலங்கள் நீரோடு போயின. உம் தூதரின் தொண்டையில் முள் சிக்கிற்று. முதுகில் தட்டி எடுத்தவரும் நம் அமைச்சரே.

ஆகவே, இனி யந்திரம் வாங்குவோர் எவர்க்கும் அச்சொல்லை முதல் நாளே விலையின்றிச் சொல்லக் கடவீர். சங்கு இலச்சினை பொறித்து, அவை அறிய விடுத்தோம். கணக்கு வருமாறு:

யந்திரத்தின் விலை, தீர்ந்தது.
சொல்லின் விலை, இல்லை.
தூதர் உண்ட வஞ்சிரம் ஒன்று, நிலுவை.