மங்கிய கதவு

லெக்ஸாண்ட்,
நடுக்கோடைத் திருநாளுக்கு முந்திய ஞாயிறு.

அன்புள்ள மகள் சிக்னேவுக்கு அம்மா எழுதுவது.

வீட்டில் எல்லோரும் நலம். அப்பாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது. உருளைக்கிழங்குச் செடிகளை இந்த முறை மான் மேயவில்லை. உன் கடிதம் போன வாரம் வந்தது. நார்வேயில், பூடோவில் இரவிலும் வெயில் இறங்குவதே இல்லை, தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருந்தாய். ஜன்னலுக்குக் கனமான துணி போடு. மீன் ஆலையில் நிரந்தர வேலை தருகிறார்கள், பெயிண்ட் அடிக்கிற என் ஸ்ப்ரே கன்னை யாருக்காவது விற்றுவிடுங்கள் என்றும் எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். நான் விற்கவில்லை. விற்கவும் மாட்டேன்.

நம் சிவப்பு வோல்வோவுக்கு நீ பெயிண்ட் அடித்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. இரண்டிலும் அப்பாவின் படகு கொட்டகைக்குள் சொகுசாகத் தூங்கியது, கார் வெளியே பனியில் நின்றது. சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்துப்போனதைப் பார்த்துவிட்டுத்தானே நீ வேலை பார்த்த பட்டறை முதலாளி, உனக்கு இந்தத் தொழில் கைவராது என்று சொன்னார்? நீயும் மறு வாரமே நார்வேக்கு ரயில் ஏறிவிட்டாய். அந்த மனிதர் சொன்னது சரியா என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. படகு ஏரிக்குப் போன அன்றே காரைக் கொட்டகைக்குள் தள்ளச் சொன்னேன்.

வெளுத்ததைத் தேய்க்கப் பாலிஷ் மெஷின் வேண்டும் என்றதும் ராக்னார் சித்தப்பா தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். படகின் அடிப்பக்கத்தைத் தேய்க்கிற அந்த ராட்சதன்தான். ஒரே இடத்தில் நின்று சுற்றும், அரை நாளில் வேலை முடியும் என்றார். படகின் தோல் தடிமன், காரின் பூச்சு காகிதத்தை விட மெல்லிசு, ஓரங்களில் ஒரு கணம் நின்றால் தகரம் தெரிந்துவிடும் என்று நான் சொன்னேன். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நீ சாப்பாட்டு மேசையில் அறுத்த அறுப்பில் எனக்குத் தெரியாதது ஏதாவது மிச்சமிருக்கிறதா என்ன?

கடைக்கு நானே போனேன். சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற மெஷின் ஒன்று இருந்தது. எடை குறைவு, மெதுவாக வேலை செய்யும், ஆனால் ஓரிடத்தில் சூடேற்றாது. கையில் பிடித்துப் பார்த்தேன், என் தோளுக்குத் தாங்கும் என்று தோன்றியது. மெழுகில்தான் அப்பாவோடு சண்டை. தேய்ப்பது, மினுக்குவது, காப்பது எல்லாம் ஒரே பாட்டிலில் என்று எழுதியிருந்ததை அவர் கூடையில் போட்டார். நான் எடுத்து வெளியே வைத்தேன். மெல்லிய பாலிஷ் தனி, டப்பாவில் வரும் கெட்டி மெழுகு தனி என்று வாங்கினேன். வீடு வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அது சண்டையா, வழக்கமா என்று நமக்கு எப்போது தெரிந்திருக்கிறது?

கழுவி, உலரவைத்து, முதலில் பின்பக்க டிக்கி மூடியின் கீழே ஒரு கை அகலத்துக்கு மட்டும் தேய்த்துப் பார்த்தேன். மெஷினை நிறுத்தி அதன் தேய்ப்புப் பஞ்சைத் திருப்பினால் ரத்தச் சிவப்பு. ராக்னார் சித்தப்பா வாசலில் காப்பி குடித்துக்கொண்டு நின்றார். எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா அண்ணி, புள்ள அடிச்ச பெயிண்ட் பூரா பஞ்சுல வந்துடுச்சு. அந்தப் பட்டறை ஆளு சும்மா சொல்லல" என்றார்.

பதில் சொன்னது உன் அப்பா. சட்டை நுனியால் அந்த இடத்தைத் துடைத்தார், குனிந்து பார்த்தார். பிறகு தம்பியைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னார்: "பெயிண்ட் போயிருந்தா கீழ சாம்பல் நிற அடிப்பூச்சு தெரியணும்டா. எங்க தெரியுது, காட்டு. இது மேல கண்ணாடிப் பூச்சு இல்லாத பழைய முறை. அந்தக் காலத்துக் காருக்கு அதான் சரின்னு சிக்னே அடம்பிடிச்சு அடிச்சா. வெளுத்துச் செத்த மேல்தோல்தான் பஞ்சுல உரியுது. அடியில என் பொண்ணு அடிச்சது அப்படியே கெடக்கு."

நீ சொன்னதை எல்லாம் மனிதர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், சிக்னே. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாரே என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா எவ்வளவு குனிந்தும் சாம்பல் தென்படவில்லை. அந்தக் கை அகலத்தில் அவர் மூக்குதான் தெரிந்தது, மூக்கிலிருந்த மருவோடு. அதன்பிறகு அவரும் துணி எடுத்துக்கொண்டு துடைக்க வந்துவிட்டார்.

மெழுகில் நான் சொதப்பினேன். மொறுமொறு ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி தாராளமாகப் பூசிவிட்டேன். அது இறுகிப்போய், அதைத் துடைத்தெடுப்பதற்குள் ஒரு மாலை முழுவதும் போயிற்று. மறுநாள் மூச்சுக்காற்று பட்ட மாதிரி லேசாகப் பூசி, மங்கியதும் துடைத்தேன். காரின் கூரையில் கொட்டகை விளக்கு வளையாமல் நெளியாமல் தெரிந்தது. எங்கேயும் வழிசல் இல்லை, மேடுபள்ளம் இல்லை. பத்தொன்பது வயதில் இதை அடித்தவள் என் பெண் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையாக இருக்கிறது, வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை ஏரிக்கரையில் பழைய கார்கள் கூடின. எல்லோரும் கண்ணாடியில் அட்டை வைப்பார்கள் இல்லையா, வருடம், இன்ஜின், உரிமையாளர் என்று? அப்பா தன் பெயரைச் சிறியதாக எழுதிவிட்டு, கீழே பெரிய எழுத்தில் ‘பெயிண்ட்: மகள் சிக்னே’ என்று எழுதியிருந்தார். பக்கத்து ஊர் மூராவில் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கும் குட்ரூன் என்ற பெண் மண்டியிட்டு, பக்கவாட்டில் நெடுநேரம் பார்த்தார். இந்தக் கை இப்போது எங்கே வேலை செய்கிறது என்று கேட்டார். "நார்வேல மீன் அடுக்குது" என்றார் அப்பா. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஆகஸ்டில் வந்து ஒரு கார்க் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு பேசலாம் என்றார். வாக்குக் கொடுக்கவில்லை. நானும் கூட்டிச் சொல்ல மாட்டேன். வருவதும் வராததும் உன் இஷ்டம். மீன் வேலையும் நேர்மையான வேலைதான்.

ஆனால் ஒன்று. காரில் ஓட்டுபவர் பக்கத்துக் கதவை மட்டும் அப்பா என்னைத் தொடவிடவில்லை. மற்ற இடமெல்லாம் பளபளக்க, அது மட்டும் வெளுத்தபடி இருக்கிறது. அப்படியே கூட்டத்துக்கும் ஓட்டி வந்தார். வேலை பாதியில் நிற்கிறதே என்று கேட்டவர்களிடமெல்லாம், அடித்தவள் வந்து முடிப்பாள் என்றுதான் சொன்னார். முதல் பனி விழும்வரை கார் கொட்டகையில் நிற்கும். பனி விழுந்தாலும் இந்த வருடம் படகுதான் வெளியே என்று நேற்று அவரே சொல்லிவிட்டார்.

உன் கைகள் நன்றாக இருக்கட்டும், மகளே. குளிரில் அவற்றைக் காயவிடாதே.

என்றும் உன் அன்பு அம்மா,
மார்கரேத்தா