அத்தா பேருக்கு நாலெல்லை

உத்தமபாளையம்
12.7.2007

அன்பு மகள் ஃபர்ஹீனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் நல்ல சுகம், ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். சாரல் விடவில்லை, துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள்தான் தொங்குகிறது. இதைப் போனில் சொன்னால் உன் அத்தா பக்கத்தில் நின்று முறைப்பார், அதனால்தான் கடிதம்.

நம் ஏலக்காய்க் கடைக்கு அத்தா பேரிலேயே இன்டர்நெட்டில் ஒரு வெப்சைட் பேர் வாங்கினாயே, அதை நல்ல ரிஜிஸ்ட்ராரிடம், அதாவது பேரைப் பதிந்து வைக்கிற நல்ல கம்பெனிக்கு, மாற்றச் சொன்னாய் அல்லவா. மறுநாளே இவர் சலவைச் சட்டை போட்டு, சாட்சிக்கு ரியாசுதீன் மாமாவையும் கூட்டிக்கொண்டு பத்திர ஆபீசுக்குப் போய்விட்டார். இவருக்குத் தெரிந்த ரிஜிஸ்ட்ரார் அங்கேதானே இருக்கிறார். பத்திரம் எழுதுகிற கருத்தக்கண்ணன், "நாலெல்லையச் சொல்லுங்க பாய், கிழக்க மேக்க யாரு நெலம்? இப்ப யாரு பேர்ல இருக்கு?" என்றிருக்கிறார். நாலெல்லைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன், ஆனால் அடுத்த கேள்வி உறுத்தியது.

உனக்கு வாங்கிக் கொடுத்த பிரவுசிங் சென்டர் முத்துராஜாவைக் கேட்டால், அவசரத்தில் தன் பேரையும் தன் மெயிலையும் போட்டுவிட்டதாகத் தலையைச் சொறிகிறான். அந்த மெயிலை அவன் திறப்பதே இல்லையாம், சென்டரையும் காலி செய்துகொண்டு திருப்பூர் போகிறான், அந்தப் பேரின் வருஷக் கெடுவோ முடியப்போகிறது. விட்டிருந்தால் எவனாவது எடுத்து, வெளிநாட்டு வியாபாரிகளுக்கு அத்தா பேரிலேயே சொத்தை ஏலக்காய் விற்றிருப்பான். சென்டரிலேயே உட்கார்ந்து, முத்துராஜாவையே அப்படிப்பட்ட இரண்டு கம்பெனிக்குப் போன் போட வைத்தேன். மலிவான கம்பெனியில் பாட்டுதான் ஓடியது. இன்னொன்றில் ஒரு பெண் எடுத்து, பேரைப் பூட்டி வைப்போம், உரியவர் சம்மதமில்லாமல் யார் கேட்டாலும் திறக்கமாட்டோம் என்றாள். கொஞ்சம் கூடுதல்தான், போகட்டும் என்று அங்கேயே மாற்றியாயிற்று.

யார் பேரில் என்றதும் உன் தம்பி ஷானவாஸ் நெஞ்சை நிமிர்த்தினான். பாஸ்வேர்டை மாதாமாதம் மறக்கிறவன் அவன். அத்தா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஃபர்ஹீன் பேர்லயே போடுங்க, அவதான் பத்திரமா வச்சிருப்பா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவருக்கும்தான், சாரல் என்று துடைத்துக்கொண்டார்.

உங்கள் எல்லாருக்கும் அல்லாஹ் ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. வருஷா வருஷம் புதுப்பிக்கச் சொல்லி உன் மெயிலுக்குத்தான் வரும், மறந்துவிடாதே கண்ணு. நீ கல்யாணமாகிப் போகும்போது அத்தா என் பேரைக் காப்பாத்து என்றாரே, அது எல்லாத் தகப்பனும் சொல்வதுதான். இப்போது நிஜமாகவே உன் கையில் கொடுத்திருக்கிறார்.

உன் அம்மா,
சல்மா