கடைசி லயம் வரைக்கும் வெளிச்சம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்குப் பிறகு நல்ல வெயில். லொறியின் பெட்டரி இரண்டையும் கழற்றித் துடைத்தேன்.

எழுத்து வகுப்பு டீச்சர் தந்த கொப்பியில் இது ஏழாவது பக்கம். "தினமும் நாலு வரி போதும்" என்றார். அறுபத்தொன்பது வயதில் நாலு வரிக்கு அரை மணி நேரம். இன்று நாலு போதாது.

நேற்று கோயில் திருவிழாக் கூட்டம். செயலாளர் தியாகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. போன வருசம் பாதி வழியில பாட்டு நின்னு போச்சு. இந்த வாட்டி கண்டியில இருந்து ஜெனரேட்டர் வச்ச லொறி எடுத்துருவோம்."

அந்த லொறி அகலம். தேயிலை ஸ்டோரோடு திரும்பிவிடும். கீழே எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு அம்மன் வர மாட்டாள்.

இருபத்தொரு வருடமாக அம்மன் ஊர்வலம் என் லொறியில். மேல் லயங்களில் ஜெகஜோதி. கீழே வர வர பெட்டரி இறங்கும். ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருவேன். எங்கள் வாசலுக்கு அம்மன் இருட்டில்தான் வந்திருக்கிறாள். அந்தப் பாதையில் எட்டுக் குடும்பம். ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் கஷ்டம்.

எழுந்து நின்று கேட்டேன். 12ஆம் தேதி சோதனை. எல்லா விளக்கும், பாட்டும், இரண்டு மணி நேரம். நின்றால் கண்டி லொறி. தியாகு சரி என்றான்.

வீட்டில் பாக்கியம்: "சபையில வாய் குடுக்குறதுக்கு முன்ன பெட்டரியைக் கேட்டீங்களா?"

மனைவி என்றால் இப்படித்தான்.

மார்ச் 4, புதன்

வெயில். கண்டிக்குப் போனேன். பஸ் போர்டை நானே வாசித்தேன். க-ல-ஹா, க-ண்-டி. சரியாக இருந்தது. இருந்தும் பழக்கத்தில் "கண்டி போகுமா?" என்று கேட்டுவிட்டேன். கண்டக்டர் போர்டைக் காட்டினான். "தெரியும்" என்றேன். 'தெரியும்' என்று சொல்ல எவ்வளவு நன்றாக இருக்கிறது.

ரியாஸ் கடை. வாகன வயர், பல்ப் எல்லாம் அவனிடம்தான் வாங்குவேன்.

"கலியாணத்துக்கா அண்ணன், கோயிலுக்கா?"

"கோயிலுக்கு."

"அப்ப மட்டமான வயர் தர ஏலாது. நாளைக்கு உங்க தோட்டமே பஸ் ஏறி வந்து என்னைக் கேக்கும்."

வாங்கியவை:
எல்.ஈ.டி. பட்டி விளக்கு 6 (வெள்ளை 4, மஞ்சள் 2)
தடித்த சிவப்பு வயர்
ரிலே 3
பியூஸ் பெட்டி, மூடியோடு
ஸ்பீக்கர் வாங்கவில்லை. பழையது போதும். ரியாஸுக்கு வருத்தம்.

மதியம் மார்க்கட் பக்கம் ரொட்டியும் பருப்பும்.

மார்ச் 6, வெள்ளி

நேற்றும் இன்றும் வயர் வேலை. முழங்கால் வலி. பழைய வயர் முழுவதையும் பிடுங்கி எறிந்தேன். எலி கடித்த இடங்கள் நாலு.

பியூஸ் பெட்டி மூடியில் என் கையால் எழுதினேன். சாமி விளக்கு. ஓர விளக்கு. பாட்டு. இதுவரை வயரின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம். வேறு யார் திறந்தாலும் விளங்காது. இனி யாரும் திறக்கலாம்.

லொறி 24 வோல்ட். இரண்டு 12 பெட்டரி சேர்த்தது. பாட்டுப் பெட்டிக்கு 12 போதும். எப்போதும் போல ஒரு பெட்டரியில் இருந்து மட்டும் இழுத்தேன். எல்லோரும் அப்படித்தான்.

எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஒரு மணி நேரம் பாட்டு. பிறகு அளந்தேன்.

இடது 12.7
வலது 12.2

மார்ச் 7, சனி

பின்னேரம் மழைத் தூறல். முட்டைக்கோவா மூட்டை ஏற்றிக் கண்டிக்கு ஒரு ஓட்டம். வந்து மறுபடி ஒரு மணி நேரம் பாட்டு.

இடது 12.9
வலது 11.9

பக்கத்து வீட்டு நாய் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு ஓடிவிட்டது. பாக்கியம்: "அதுக்குக் காது இருக்கு."

மார்ச் 8, ஞாயிறு

விளக்கும் பாட்டும் சேர்த்துப் போட்டேன். முக்கால் மணி நேரம். பாட்டு இழுத்து இழுத்து நின்றது. போன வருடம் நின்ற மாதிரியே.

இடது 13.0
வலது 11.5

வலது பெட்டரியைத் திட்டினேன். வாங்கி ஒன்பது மாதம்தான். சோறு இறங்கவில்லை. பாக்கியம் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

நாலு வரி எழுதத்தான் கொப்பியைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை எழுதியதை வாசித்தேன். சனிக்கிழமை எழுதியதை வாசித்தேன்.

இடது ஏறிக்கொண்டே போகிறது. வலது இறங்கிக்கொண்டே போகிறது.

பாட்டுப் பெட்டி குடிப்பது வலதில் இருந்து மட்டும். டைனமோ இரண்டையும் ஒன்றாக நினைத்து ஊட்டுகிறது. இடது வயிறு முட்டிக் கொதிக்கிறது. வலது பட்டினி கிடக்கிறது. இத்தனை வருடம் இடதுக்குத் தண்ணீர் ஊற்றினேன். வலதை மாற்றினேன். ஒவ்வொரு நாளும் அளந்ததுதான். மறுநாள் மறந்துவிடும். இன்று மூன்று நாளும் கொப்பியில் நிற்கிறது.

பெட்டரி மேல் பிழை இல்லை. பிழை என்னுடையது. இவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் பிழையை ஒத்துக்கொண்டதில்லை.

ரியாஸுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவன், "அண்ணன், நானும் எல்லாருக்கும் அப்படித்தானே போட்டுக் குடுக்கிற." பிறகு, "இதை வெளியில சொல்ல வேணாம்." 24ஐ 12 ஆக்கும் பெட்டி ஒன்று அவனிடம் தூசி பிடித்துக் கிடக்கிறதாம். இரண்டு பெட்டரியில் இருந்தும் சமமாக எடுக்கும்.

இன்று எத்தனை வரி என்று எண்ணவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

வலது பெட்டரியை நேற்று கலஹா கராஜில் தனியாக சார்ஜுக்குப் போட்டு இன்று எடுத்து வந்தேன். ரியாஸின் பெட்டியை லொறியில் பொருத்தினேன். வாசலுக்கு வாசல் லொறி நிற்க வேண்டும். நிற்கும்போது டைனமோ தருவது குறைவு. அதனால் எக்சிலேட்டரைக் கையால் இழுத்து மாட்ட ஒரு கம்பி.

ஒரு மணி நேரம் எல்லாம் போட்ட பிறகு:

இடது 12.6
வலது 12.6

மறுபடி அளந்தேன். 12.6, 12.6. பாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டும் ஒரே நம்பர்தானே, அதுக்கு ஏன் இந்தக் கூப்பாடு?"

மார்ச் 12, வியாழன்

சோதனை. கோயில் முற்றம். மூன்று மணிக்குத் தொடக்கம். தியாகு போனில் நேரம் வைத்துக்கொண்டு கதிரை போட்டு உட்கார்ந்தான். ஒரு மணி நேரத்தில் டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தான். விளக்கு அப்படியே.

ஐந்து மணி.

"மாமா, சத்தத்தைக் கொறைங்க. ஒன்னு சொல்லணும்."

"சொல்லு. கேக்குது."

"கண்டி லொறிய வேணாம்னு சொல்லிட்டேன்."

"எப்ப?"

"டீ குடிக்கப் போனப்ப."

கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தேன். புகை என்று சொன்னேன்.

மார்ச் 15, ஞாயிறு

நேற்றுத் திருவிழா. எழுத நேரம் கிடைக்கவில்லை.

ஐந்தரைக்குக் கோயிலில் இருந்து புறப்பாடு. பின்னால் தப்பு, காவடி. மேல் லயம், நடு லயம், ஸ்டோர். ஸ்டோர் வளைவில் என் கை தானாக ஓர விளக்கு சுவிட்சுக்குப் போனது. இத்தனை வருடப் பழக்கம். கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன்.

கீழே இறங்கினோம். ஆறு விளக்கும் எரிந்தன. பாட்டு முழுச் சத்தம். பாதையோரக் கானில் ஓடும் தண்ணீர்கூடத் தெரிந்தது. எட்டு வாசலிலும் ஆட்கள். முதல் வீட்டுக்காரர் பார்த்தபடியே நின்றார், சூடம் கொளுத்த மறந்து.

கடைசி வாசல் எங்களது. பாக்கியம் தட்டோடு நின்றாள். புதுச்சேலை. அம்மன் மூக்குத்தியை முதல்முறையாகப் பார்க்கிறாள் போல, அப்படிப் பார்த்தாள். பூசாரி தட்டை வாங்கினார். அவள் ஒரு கையை நெற்றிக்கு மறைவாக வைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"கண்ணு கூசுது. ஒரு வெளக்கை அணைங்க."

அணைக்கவில்லை.