ஆட்டுக்குட்டி விஷயமாக

பெனீஷ்,
குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள்

அன்புள்ள மகன் டெல்மோவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். இந்த ஊர்க் காற்றுக்கு மட்டும் சுகமில்லை, நேற்று மாடியில் காயப்போட்ட என் சட்டையைப் பக்கத்துத் தெருவில் போய் எடுத்து வந்தேன். உன் இடது கணுக்கால் வீக்கம் வடிந்ததா, அறையில் கணப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா, கடையில் வாங்கும் சூப்பையே தினமும் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்க வேண்டும். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டே போனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் முடித்துவிடுவேன், இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களும் அப்படித்தான் முடிந்தன, கிழித்துப்போட்டேன். அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு முன் நீ அம்மாவிடம் போனில், பயிற்சியாளர் கூப்பிட்டு உனக்கு மிருகங்கள் பிடிக்குமா என்று கேட்டார், பிடிக்கும் என்றேன், ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னாய் அல்லவா? அம்மா சிரித்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கேள்விக்குக் காரணம் நான்தான்.

நடந்தது இது. லிஸ்பன் கால்பந்துக் கிளப் உன்னை ஒரு வருஷ இரவலாக ஹாலந்துக்கு அனுப்பியபோது, அங்கே கோல் போட்டால் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வோம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம், முடிவை ஈஸ்டருக்குப் பிறகு சொல்வோம் என்றார்கள். அந்தத் தேதி என் மனதை விட்டு ஒரு நாளும் போனதில்லை. பதினோரு ஆட்டமாக உன் காலில் கோல் இல்லை. பத்திரிகைக்காரர்கள் அதைக் கோல் விரதம் என்று போட்டதிலிருந்து எர்மீனியுவின் கஃபேயில் எனக்குக் காப்பி இறங்குவதில்லை. போன மாதம் ஒருநாள் எர்மீனியு எல்லோர் முன்னாலும், அதெலினோ ஐயா, பையன் இன்னும் விரதத்த முடிக்கலையா, தவக்காலமே நாப்பது நாள்தான், உங்க ஆளு அதையும் தாண்டிப் போயிட்டான் என்றான். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவனே, அட விடுங்க, ஈஸ்டருக்குள்ள ஆட்டுக்குட்டிய அறுத்துருவான் பாருங்க என்று இன்னொரு காப்பி வைத்தான், அதற்குக் காசு வாங்கவில்லை. அந்த வார்த்தை எனக்குத் தெம்பாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், உன்னிடமும் அம்மாவிடமும் சொல்லாமல், உன் பயிற்சியாளர் ஹூக்ஸ்ட்ராவுக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

பள்ளியில் படித்த பிரெஞ்சில், அகராதியை வைத்துக்கொண்டு, நான்கு நாள் எழுதினேன். வினைச்சொற்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், இலக்கணப் பிழை ஒன்றுகூட இருக்காது. ஐயா, ஈஸ்டர்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மைதானத்திலேயே எல்லோர் கண் முன்னாலும் என் மகன் ஆட்டுக்குட்டியை அறுப்பான், இது ஒரு தகப்பனின் வாக்கு என்று முடித்திருந்தேன். நெடுநாள் வராத கோல் வந்துவிட்டால், நெடுநாள் தோற்ற அணி ஜெயித்துவிட்டால், ஆட்டை அறுத்தாச்சு என்று நாம் சொல்வதுதானே. எழுபத்தொரு வயதில் நான் அதை யோசித்ததேயில்லை, உலகம் முழுக்க அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் கிளப் செயலாளரிடமிருந்து பதில் வந்தது. உங்கள் குடும்ப வழக்கத்தை மதிக்கிறோம், ஆனால் இந்நாட்டுச் சட்டப்படி அனுமதி பெற்ற கூடத்தில் மட்டுமே ஆடு அறுக்கலாம், மேலும் மைதானத்தில் போன மாதம்தான் புதுப் புல் பதித்திருக்கிறோம் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்.

அதை வாசித்ததும்தான் நான் எழுதியதை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. நீ மிருகக் கேள்வியைச் சொன்னது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அடுத்த இரண்டு ஆட்டத்திலும் உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். அவள் சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள், அப்படிச் சிரித்தாள். முப்பத்தெட்டு வருஷம் பதிவு ஆபீஸ்ல ஊரார் பத்திரத்தையெல்லாம் சிவப்பு மையில திருத்தினீங்களே, உங்கள திருத்த ஒரு ஆளு இல்லாம போச்சே என்றாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏங்க, இதனாலயா பிள்ளைய உக்கார வச்சாங்க என்று கேட்டாள். தெரியாது என்றேன். நீ அந்த வாரம்தான், லிஸ்பன்காரங்க விட்டாங்கன்னா நான் ஆட்டத்தையே விட்டுர்றேம்மா என்று சொல்லியிருந்தாய். உன் பதின்மூன்றாம் வயதில் லிஸ்பன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த நாளிலிருந்து உனக்காக நான் செய்த ஒரே காரியம் இந்தக் கடிதம், அதுவும் இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்தேன். மறுநாளே ஹூக்ஸ்ட்ராவுக்கு இன்னொரு கடிதம் போட்டேன், இந்த முறை ஆடு, கோல், விரதம் எல்லாவற்றையும் தனித்தனியாக விளக்கி. குற்றம் தகப்பனுடையது, மகனுக்கு இதில் எதுவும் தெரியாது என்று அடிக்கோடும் போட்டேன்.

இன்று காலை அவரே கைப்பட எழுதிய பதில் வந்தது. அவருடைய பிரெஞ்சு என்னுடையதைவிட மோசம், அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. தானும் ஆட்டுப் பண்ணையில் பிறந்தவர்தானாம். முதலில் பயந்தாராம், இரண்டாவது கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் சிரித்தாராம். மீதியை அப்படியே தருகிறேன். உங்கள் மகனை உட்கார வைத்தது ஆட்டுக்காக அல்ல. யாரும் பார்க்காதபோதே போக வேண்டிய இடத்துக்குப் போய் நிற்கிறான், அதை யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் பந்து காலுக்கு வந்ததும் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல அடிக்கிறான். இரண்டு ஆட்டம் வெளியே இருந்து பார்க்கட்டும் என்று விட்டேன். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை முதல் நிமிடத்திலிருந்து அவன்தான் ஆடுவான், நீங்களே அவனுக்குச் சொல்லிவிடலாம்.

டெல்மோ, அந்த மன்னிப்பு வரியை வாசித்துவிட்டு அரைமணி நேரம் ஜன்னலோரம் நின்றேன். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, எட்டு வயதில் கடற்கரையில் நீ முதல் கோல் போட்டபோது கோல்காக்க நின்ற பையன் அழுதான். நான் உன் கையைப் பிடித்து அவனிடம் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தேன். மரியாதை சொல்லித் தருகிறேன் என்று நினைப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோலுக்கும் நீயாகவே போய்க் கேட்டாய், பையன்கள் உனக்கு மன்னிச்சுக்கோ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள், மன்னிச்சுக்கோவுக்குப் பந்தப் போடுடா என்று அவர்கள் கத்துவது வீடுவரை கேட்கும். எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. என் மூக்கு உனக்கு வந்ததற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இதை நான்தான் உனக்குக் கொடுத்தேன். கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நிற்கிறவன் நான், அப்படியே என் காலத்தை ஓட்டிவிட்டேன். ஒரு பதிவு எழுத்தருக்கு அது போதும். கோல் போட முன்னால் நிற்கிற உன் இடத்துக்கு நம் மொழியில் ஈட்டிமுனை என்று பெயர், ஈட்டிமுனை இரண்டடி தள்ளி நிற்க முடியாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் பதினாறு வயதில் லிஸ்பனில் நான் வந்து பார்த்த அன்று நீ பெனால்டியைத் தவறவிட்டாய். நான் ராசியில்லாதவன் என்று முடிவுகட்டி, அதன்பிறகு வேலை இருக்கிறது, முட்டி வலிக்கிறது என்று ஐந்து வருஷம் சொல்லிவந்தேன். முட்டி வலி பொய். இந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன் என்று இன்று மதியம் உன் ஞானத்தாய் இடலீனா சித்தியிடம் தபால் அலுவலகத்தில் விசாரித்தேன். அஞ்சு வேலை நாள் ஆகும் அத்தான், நடுவுல புனித வெள்ளி வேற, நீங்க நடந்து போனாக்கூடத் தபாலுக்கு முன்னாடி போயிருவீங்க என்று விளையாட்டாகச் சொன்னாள். அங்கேயே கவுண்டர் முன்னால் யோசித்தேன். போனில் சொல்லலாம், ஆனால் போனில் எனக்கு வானிலையைத் தாண்டிப் பேச்சு வராது என்பது உனக்கே தெரியும். அதனால் வியாழக்கிழமை விமானத்தில் இடம் வாங்கிவிட்டேன். முதல் விமானப் பயணம், விமான நிலையத்தில் செய்ய வேண்டியதை வரிசையாகத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மா இரண்டாவது இடத்தை அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கேயே ஈஸ்டருக்குச் சமைக்கப்போகிறாளாம், ஆட்டுக்கறியை அந்த ஊர்க் கசாப்புக் கடையில் நீதான் கேட்டு வாங்க வேண்டுமாம், அப்பா எழுதிக் கேட்க வேண்டாமாம். சித்தி முழு முட்டை வைத்துச் சுட்ட ஈஸ்டர் ரொட்டி கொடுத்திருக்கிறாள், மடியில் வைத்துக்கொண்டு வருவேன்.

கடவுள் உன் கண்ணையும் காலையும் காக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உன்னோடு இருக்கும். கணுக்காலுக்குக் கட்டுப் போட மறக்காதே. சனிக்கிழமை கோல் வந்தால் நேராக உன் ஆட்களிடம் ஓடு, எதிரணிக் கோல்கீப்பரிடம் போகாதே. வராவிட்டாலும் நான் எழுந்து போய்விட மாட்டேன், கடைசிவரை உட்கார்ந்திருப்பேன். இந்த உறையில் தபால்தலை இருக்காது. வெள்ளிக்கிழமை காலை உன் அறைக் கதவுக்கு அடியில் இதைத் தள்ளிவிட்டு நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். கதவைத் தட்ட மாட்டேன், பழைய பழக்கம். முழுக்க வாசித்துவிட்டு நீ கதவைத் திற.

உன் அப்பா,
அதெலினோ