கராத்தேயா ஜூடோவா என்று கேட்ட பெண்ணுக்கு

வீரபாண்டி,
8-7-1989

அன்பு மகள் மருதாவுக்கு அம்மா பழனாயி எழுதிக்கொண்டது. மாகாளியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். கல்யாணமாகிக் கல்கத்தா போன இந்த மூன்று வருடத்தில் நீ எழுதிய நலத்தையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், நேற்று எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பப் படித்தேன், வந்த ஆத்திரத்தில் மொத்தத்தையும் அடுப்பில் போட்டுவிடலாம் என்று இருந்தது. எப்போதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அப்பா எழுதுவார், இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். எட்டாவது வரைக்கும் படித்த கை.

நீ போன மாதம் போட்ட கடிதத்தில் என்ன எழுதினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ எனக்கு ஒரு வரி விடாமல் ஞாபகம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் தற்காப்புக்கு ஏதாவது பழக ஆசைப்படுகிறாள், காலனி ஹாலில் கராத்தே சொல்லித் தருகிறார்கள், பார்க் பக்கத்தில் ஜூடோ சொல்லித் தருகிறார்கள், எதில் சேர்ந்தால் நல்லது என்று நம் ஊர் மாஸ்டரிடம் கேட்டு எழுது என்றாய். பின்னலைப் பிடித்து இழுத்தால் எப்படி விடுவித்துக்கொள்வது, அடுப்படியில் சுவரோடு வைத்து அழுத்தினால் என்ன செய்வது என்றும் கேட்கச் சொன்னாய். கல்கத்தாவில் திருடர்கள் அடுப்படி வரைக்கும் வருகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன், என் புத்தி அவ்வளவுதான். கடைசியில் ஓரமாக, முடி ரொம்பக் கொட்டுகிறது, தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே அம்மா என்று ஒரு வரி. அந்த வரிக்குத்தான் நான் கோபப்பட்டேன். எத்தனை வருடம் எண்ணெய் வைத்துச் சீவி வளர்த்த முடி என்று ஒரு நாள் முழுக்கப் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று உன்னைத் திட்டித் தீர்த்தேன், பக்கத்தில் நின்ற செல்லத்தாய்க்குக் காது வலித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கராத்தே மாஸ்டரைப் பார்க்கப் போனேன். அவரேதான், எட்டு வருடத்துக்கு முன்னால் அரிசி மில் களத்தில் சொல்லிக் கொடுத்தவர், இப்போது ஒரு கம்பெனி மொட்டை மாடியில் சொல்லித் தருகிறார். எந்த முகத்தோடு போய் நிற்பது என்று எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, அன்றைக்கு என் பெண்ணைச் சேர்த்தால் நடப்பதே வேறு என்று அந்தக் களத்தில் நின்று சத்தம் போட்டவள் நான்தானே. அவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "பனியன் துணியில சட்டை தெச்சுப் போட்டுட்டு வந்துச்சுங்களே, அந்தப் பாப்பாவோட அம்மாதானுங்க நீங்க" என்றார். ஆமாம், பதினாலு வயதில் நீ கம்பெனியில் கட்டிங் பார்க்கும் அப்பாவை நைச்சியம் பண்ணி இன்டர்லாக் பனியன் துணியில் வெட்டி வாங்கி நீயாகவே தைத்துக்கொண்டாயே, அந்தச் சட்டைதான். எதிரில் நின்ற பெண் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்ததும் சட்டை முழங்கால் வரைக்கும் நீண்டுவிட்டதாம், களமே சிரித்ததாம், நீயும் சேர்ந்து சிரித்தாயாம். அதை நினைத்து அவர் இன்னும் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சட்டையை நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். இரண்டாகக் கிழித்து அடுப்பில் பாத்திரம் இறக்கக் கரித்துணியாக வைத்துக்கொண்டேன். பொட்டைப் பிள்ளை கையைக் காலை வீசினால் யார் கட்டுவான் என்று கேட்டேன். கட்டத்தான் ஒருத்தன் வந்தானே.

மாஸ்டர் உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார், "எது நல்லதுன்னு சும்மா சொல்ல முடியாதுங்க. எட்ட நின்னு அடிக்கறவனுக்குக் கராத்தே. கிட்ட வந்து புடிக்கறவனுக்கு ஜூடோ. அந்தப் பொண்ண எப்படிப் புடிக்கறாங்க, அதச் சொல்லுங்க" என்றார். பின்னலைப் பிடித்து இழுப்பதாகக் கேள்வி என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "அப்படீன்னா பழகறதெல்லாம் அப்பறமுங்க, மொதல்ல முடியக் குட்டையா வெட்டிக்கச் சொல்லுங்க" என்றார்.

மருதா, அந்த நிமிடம் எனக்குத் தலை சுற்றியது. மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஏனுங்க என்னாச்சுங்க என்று அவர் தண்ணீர் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணாவது எதிர் வீட்டுப் பெண்ணாவது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் உனக்கு எங்கிருந்து வந்தது? பொய் சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்லத் தெரிய வேண்டும், வெட்டின முடியையும் அதே கடிதத்தில் எழுதுவார்களா? இல்லை, நான் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் எழுதினாயா?

தண்ணீரைக் குடித்துவிட்டு, கையைப் பிடித்தால் எப்படி விடுவிப்பது என்று எனக்கே காட்டுங்கள் என்று மாஸ்டரிடம் சொன்னேன். நாற்பத்தி நாலு வயதுப் பொம்பளை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க நின்றேன். அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். பிடித்தவன் கையில் நாலு விரல் ஒரு பக்கம், பெருவிரல் மட்டும் ஒரு பக்கம், அந்தப் பெருவிரல் பக்கமாகத் திருப்பி வெடுக்கென்று உருவ வேண்டும், நேராக இழுக்கக் கூடாது. முதல் தடவை வரவில்லை, இரண்டாவது தடவை இரண்டு வளையல் உடைந்தது, மூன்றாவது தடவை என் கை வெளியே வந்துவிட்டது. முடியைப் பிடித்தால் விலகி ஓடாதே, உன் இரண்டு கையாலும் அவன் கையை உன் தலையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் பக்கமாகவே திரும்பு, அப்போது வலியும் குறையும் அவன் மணிக்கட்டும் மடங்கும். மொத்தம் ஐந்து நிமிடம் ஆயிற்று. எட்டு வருடத்துக்கு முன்னால் உனக்கு நான் கொடுக்க மாட்டேன் என்ற ஐந்து நிமிடம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊர் சொல்லுமே, அதுதான் அந்த மாடியில் நான் செய்தது.

மறுநாள் செல்லத்தாயிடம் உடைத்துச் சொல்லிவிட்டேன். அவள் வீட்டுக்காரர் வீரணன் சாயப்பட்டறையில் வேலை, மதுரைப் பக்கத்து ஆள், சாயங்காலம் பொட்டலில் சிலம்பம் சொல்லித் தருகிறார், அவரையும் ஒரு வார்த்தை கேட்போம் என்று அவளே கூட்டிப் போனாள். யார் பெண், என்ன ஊர் என்று அந்த மனுஷர் ஒன்றும் கேட்கவில்லை. "ஏத்தா, அடி விழுறது வெளியிலயா, வீட்டுக்குள்ளயா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். வீட்டுக்குள் என்றேன், என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கம்பைத் தரையில் ஊன்றினார். "வீட்டுக்குள்ள கம்பு சுத்த எடம் ஏதுத்தா? அடிச்சவனும் அடிபட்டவளும் ராத்திரி ஒரே கூரைக்குள்ளதான படுக்கணும்? அதுக்கு என்கிட்ட வித்தை இல்ல. களம் சரியில்லைன்னா எந்த ஆட்டக்காரனும் எறங்க மாட்டான். பிள்ளைய மொதல்ல அந்தக் களத்த விட்டு வெளிய கூட்டியாங்க" என்றார்.

எனக்கு யார் மேல் கோபம் என்று கேள். கந்தவேல் மேல் இல்லாமல் இருக்குமா? அவனை இனி மாப்பிள்ளை என்று எழுத இந்தக் கை வராது. பனியன் டிப்போ மேனேஜராம், ஊருக்கு வந்தால் அத்தை அத்தை என்று குழைவானே, வாழை இலை போட்டு அவனுக்குப் பரிமாறிய கை இது, நினைத்தால் கூசுகிறது. பையன் கோவக்காரனுங்க ஆனா மனசு தங்கமுங்க என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னாளே அவன் அம்மா சென்னம்மாள், அவள் மேலும் கோபம். உன் மேலும் கோபம், மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயே, நான் செத்தா போய்விட்டேன்? ஆனால் இவர்கள் எல்லோரையும் விட என் மேல்தான் எனக்குக் கோபம். போன தைக்கு வந்தபோது நீ இடது பக்கம் திரும்பிப் படுக்கவே இல்லை. காதில் தண்ணீர் போய்விட்டது, ரீங்காரம் கேட்கிறது என்றாய், நானும் பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி விட்டேன். பத்து வருடமாகச் செக்கிங்கில் நிற்கிறேன். பீஸை டேபிளில் போட்டதும் ஊசி ஓட்டை, எண்ணெய்க்கறை, இழை விட்டது எல்லாம் என் கண்ணில் படும், உள்ளே கையை விட்டு விரித்துப் பார்த்து டேமேஜை ஒதுக்கி வைப்பேன், பழனாயி பார்த்த பீஸை மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்று சூப்பர்வைசர் சொல்லுவார். அந்தக் கண்ணுக்குச் சொந்தப் பிள்ளையின் காது தெரியவில்லை.

நீ ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். உன்னை ரயில் ஏற்றிவிட்டபோது, ஊடுன்னா நாலும் இருக்கும் கண்ணு, பொறுத்துப் போ, அடுப்படிச் சண்டையை வாசலுக்குக் கொண்டு வராதே என்று சொன்னது நான்தான். நல்ல புத்தி சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். அந்தப் பேச்சை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதை நான் சொல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்திரியைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "ஆடி நோம்பிக்குக் கூட்டியாறோம்னு சொல்லிக் கூட்டியாந்துருலாம் பழனாயி, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு வந்ததே கோபம். நோம்பிக்கு என்று கூட்டி வந்தால் நோம்பி முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டாமா? அவன் வந்து வாசலில் நிற்பான், நாலு பேர் கூடிப் புத்தி சொல்லுவார்கள், நீயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாய். பொய் சொல்லிக் கூட்டி வர வேண்டாம், என் பெண்ணை அடிக்கிறாய், அதனால் கூட்டிப் போகிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டே கூட்டி வாருங்கள் என்றேன். உங்களால் முடியாது என்றால் நான் போகிறேன் என்றேன். அதற்கு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நானே போறேன்" என்றார். கை கழுவும்போது, "அன்னிக்கே அந்தக் கிளாசுக்கு அனுப்பியிருக்கலாம்" என்றார்.

அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, தபாலை முதலில் பிரிப்பது அவன் என்று எனக்கு இப்போது புரிகிறது. நீ இதைப் படிக்கும்போது இதைக் கொண்டு வந்த அப்பா உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். அவன் டிப்போவுக்குப் போன பிறகு வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்குப் பேச வராது, நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதனால்தான் இவ்வளவையும் நான் எழுத வேண்டியிருக்கிறது. முதலில் டிப்போவில் போய் அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, நேராக ஹவுரா ஸ்டேஷனுக்குப் போகலாம். சொல்வது அப்பா வேலை, நீ வெளியே நில். அதே நாளில் நான் குன்னத்தூர் போய்ச் சென்னம்மாள் வாசலில் நின்று அவளிடம் சொல்லிவிடுவேன், வேறு வாய் வழியாக அவளுக்குத் தெரிய வேண்டாம். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதே. ஊர் என்ன சொல்லும் என்று எட்டு வருடம் முன்னால் நான் யோசித்ததற்கு நீதான் அடி வாங்கினாய்.

அப்பா பையில் ஒரு துணிப் பொட்டலம் இருக்கும், பிரித்துப் பார். கராத்தே சட்டையும் பேன்ட்டும். அப்பா வெட்டினார், நான் தைத்தேன். இந்தத் தடவை பனியன் துணி இல்லை, கெட்டிக் காடாத் துணி, யார் பிடித்து இழுத்தாலும் நீளாது, இழுத்துப் பார்த்துத்தான் தைத்தேன். உயரம் எனக்குத் தெரியும், உடம்பு இளைத்திருப்பாய் என்று இரண்டு விரல் உள்ளே விட்டிருக்கிறேன், இங்கே வந்து தேறினதும் பிரித்துக்கொள்ளலாம். மாஸ்டரிடம் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் ஜூடோ பழகு, இல்லை வீரணனிடம் கம்பு பழகு, பொட்டலில் இடம் நிறைய இருக்கிறது. எதையுமே பழகாமல் பகல் முழுக்கத் தூங்கினாலும் சரி, அது உன் இஷ்டம்.

பாத்திரம் பண்டம் எதையும் கட்டிக்கொண்டு நிற்காதே. காதுக்குக் காட்டிய டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் கோயமுத்தூரில் புதிதாகக் காட்டலாம். ரயிலில் அப்பா சாப்பிடாமல் வருவார், இரண்டு இட்லியாவது வாங்கிக் கொடு, நீயும் சாப்பிடு. மாகாளியம்மன் உனக்கு முன்னாலும் பின்னாலும் நடந்து வரட்டும்.

அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண். அவள் அம்மா அவள் மேல் கோபமாக இல்லை என்று அவளிடம் சொல். செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவோடு கிளம்பி வரச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
பொ. பழனாயி